உங்கள் வீட்டுச் சூடு ஓயாததா, வேளைப்படியா?

யாங்கோனில் யாரும் வீட்டைச் சூடாக்குவதில்லை. அந்த வேலையை வானம் இலவசமாகச் செய்துவிடுகிறது. ஆனாலும் வீடுகளின் சூட்டை ஆராய ஒரு கமிட்டி இருந்தது. கமிட்டிக்கு ஒரு தலைவர் இருந்தார். தலைவருக்கு ஒரு மேசையும், மேசைக்கு மேலே ஒரு கண்ணாடியும் இருந்தன. இவ்வளவும் இருக்கும்போது ஒரு வீடும் கிடைத்துத்தான் தீரவேண்டும்.

கிடைத்தது இனாயத்துல்லாவின் வீடு.

பருப்பு குடோனில் தராசடியில் நிற்பவர் அவர். வயது ஐம்பத்தொன்று. மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதைக்குப் பின்னால் போகிற சந்தில், தகரக் கூரை போட்ட மரவீடு. மனைவி ரிஹானா. பிள்ளை கிடையாது. ஆபீசுகளில் அவர் பெயர் யார் வாயிலும் முழுதாக நுழையாது. அதனால் வாலை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஊ லா’ என்று கூப்பிடுவார்கள். ஊ என்பது மரியாதை, லா என்றால் பர்மியத்தில் அழகு. அவர் ஒருநாளும் அழகாக இருந்ததில்லை. ஆனாலும் திருத்தச் சொன்னதில்லை. ஆபீசில் எழுதியதைத் திருத்தச் சொன்னவன் எவனும் நல்லபடியாக வீடு திரும்பி அவர் பார்த்ததில்லை.

மார்ச் மாதக் கடைசியில் வார்டு ஆபீஸ் வழியாக ஒரு படிவம் வந்தது. மேலே ‘வீட்டு வெப்ப ஒப்பீட்டுக் கமிட்டி’ என்று அச்சடித்திருந்தது. ஏதோ ஒரு குளிர்தேசத்தில் தயாரான கேள்வித்தாள் அது. வீட்டு ஹீட்டரை நாள் முழுக்க ஓடவிட்டால் செலவு குறைவா, வேளை குறித்து ஓடவிட்டால் குறைவா என்பது அந்த ஊர்க்காரர்களின் நெடுநாள் சண்டையாம். யாரோ ஒருவர் அதைப் பர்மியத்தில் பெயர்த்து, ஹீட்டிங் என்று வந்த இடத்திலெல்லாம் ‘அப்பூ’ என்று போட்டுவிட்டார்.

அப்பூ என்றால் சூடு. கவலைக்கும் அதே சொல்தான். அடுப்பில் எரிவதும் அப்பூ, நெஞ்சில் எரிவதும் அப்பூ.

ஏழாவது கேள்வி இது: ‘உங்கள் வீட்டில் அப்பூ ஓயாமல் இருக்கிறதா, குறித்த வேளைகளில் மட்டும் இருக்கிறதா?’

இனாயத்துல்லாவுக்குப் பர்மியம் பேச வரும், படிப்பதென்றால் எழுத்துக்கூட்டித்தான். கேள்வியை இரண்டு தடவை எழுத்துக்கூட்டினார். பிறகு தலையைத் தூக்கி அடுக்களைக்கு மேலே இருந்த மச்சைப் பார்த்தார்.

மச்சில் மாஹிர் இருந்தான். தன்லியினில் இருக்கும் தங்கை தஸ்லீமாவின் மகன், இருபத்துமூன்று வயது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் அவன் சீட்டு விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விழுந்த மறுநாள் காலையில் பருப்பு லாரியில் பாலம் தாண்டி வந்து ஏணியில் ஏறியவன்தான். குளிக்கவும் கொல்லைக்குப் போகவும் மட்டும் இறங்குவான். அவன் பெயர் இந்த வீட்டின் குடும்பப் பட்டியலில் இல்லை. யார் வீட்டில் யார் தங்கினாலும் வார்டு ஆபீசில் எழுதிவைக்கவேண்டிய விருந்தாளிப் பட்டியலிலும் இல்லை. ஒருவர் கண்ணில் பட்டால் மாஹிர் போவான். மறைத்துவைத்தவரும் கூடவே போவார்.

“இம்புட்டு நேரமா என்ன யோசனை? எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக் குடுத்துருங்க” என்றாள் ரிஹானா.

“பொய் எழுதுனா கண்டுபுடிச்சிருவானுங்க.”

“உண்மையை எழுதுனா மட்டும் மாலை போடுவானுங்களா?”

இனாயத்துல்லா ஏழாவது கேள்வியில் ‘ஓயாமல்’ என்ற கட்டத்தில் கோடு போட்டார். என்ன கவலை என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் எழுதவில்லை. அந்த அளவில் அது பத்திரமான உண்மை என்று அவருக்குப் பட்டது.

எதிர்வீட்டில் கனகாம்பாள் இருந்தாள். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து செத்துப்போனவரின் மனைவி. அவள் வாசலிலேயே நின்று கத்தினாள். “நான் வேளைக்குன்னு போட்டுட்டேன் பாய்! என் மருமகன் ஞாயித்துக்கிழமைதானே வர்றான்?”

வார்டிலிருந்த மற்ற எல்லா வீட்டாரும் படிவத்தை நன்றாகப் புரிந்துகொண்டு ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். அதனால் கமிட்டிக்கு ஓயாத வீடு ஒன்றும் வேளைப்படி வீடு ஒன்றும், எதிரெதிரே, அளவெடுத்துத் தைத்த மாதிரி கிடைத்தன.

ஏப்ரல் முதல் வாரத்தில் தலைவர் ஊ ஞான் தூன் நேரில் வந்தார். கூடவே ஒரு ஹீட்டர், சிவப்பு விளக்கு வைத்த ஒரு வெப்பமானிப் பெட்டி, அதையெல்லாம் தூக்கிவர விநாயகமூர்த்தி. இவன் ஒப்பந்த மெக்கானிக். நம்மாள்தான், ஆபீசில் கோ மூர்த்தி என்பார்கள். வெளியே வெயில் முப்பத்தெட்டு. தலைவர் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே உரையாற்றினார்.

“சிலர் கேட்கிறார்கள், இந்த ஊரில் ஹீட்டர் எதற்கு என்று. நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன்: தேவை வந்தபிறகு ஆராய்வதற்குப் பெயர் ஆராய்ச்சியா? அது அவசரம். தேவையே இல்லாதபோது ஆராய்வதுதான் தூய ஆராய்ச்சி. இந்தக் கமிட்டியில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இதுவரை ஒரு வீட்டையும் நாங்கள் சூடாக்கியதில்லை. ஆகவே எங்கள் முடிவுகளில் இதுவரை ஒரு பிழையும் இல்லை.”

கைதட்டவேண்டுமா என்று தெரியாமல் இனாயத்துல்லா பாதி தட்டினார்.

“உங்கள் வீட்டுக்கு இன்றிலிருந்து தனி லைன். ஓயாத சூட்டுக்கு ஓயாத மின்சாரம். எதிர்வீட்டுக்கு வழக்கம்போல வேளைப்படி. எது சிக்கனம் என்று நாடு தெரிந்துகொள்ளும். பெட்டியை எங்கே வைப்பது, கோ மூர்த்தி?”

“சூடு மேல ஏறும் சயா. மேலதான் வைக்கணும்” என்று மூர்த்தி மச்சைப் பார்த்தான்.

ரிஹானா ஏணிக்குக் குறுக்கே வந்து நின்றாள். “மேல மொளகாச் சாக்கு கெடக்கு தம்பி. ஏறுனீங்கன்னா தும்மித் தும்மி ஈரல் வெளிய வந்துரும்.”

அது பொய்யில்லை. குடோனில் கூலிக்குப் பதிலாகக் கொடுத்த இரண்டு சாக்கு மிளகாய் உண்மையிலேயே மேலே கிடந்தது. மாஹிர் அவற்றின் பின்னால்தான் படுப்பான்.

“பரவாயில்லைக்கா, நமக்குப் பழக்கம்தான்.” மூர்த்தி ஏறினான். இடுப்புவரை உள்ளே போனான். அசையாமல் நின்றான். இனாயத்துல்லா ஏணியின் படிகளை எண்ணினார். ஏழு. திரும்ப எண்ணினார். அப்போதும் ஏழுதான்.

மச்சிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. மூர்த்தியின் முதுகு அசையவில்லை.

அடுத்த நொடி மூர்த்தி தும்மினான். இரண்டு, மூன்று, நான்கு என்று கூரைத் தகரம் அதிரத் தும்மிக்கொண்டே இறங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மொளகா, சயா. ஆளைக் கொல்லுது. பெட்டியைக் கூடத்து உத்தரத்துல அடிச்சிரலாம்” என்றான்.

அவன் ரிஹானாவைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போகிற வழியில், தமிழில், சுவரிடம் பேசுகிற மாதிரி, “சாக்கை இன்னும் ஒட்டி அடுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஹீட்டரை இருபத்தொரு டிகிரிக்கு வைத்துப் பூட்டியிருந்தார்கள். வீட்டின் சூடு இருபத்தொன்றுக்குக் கீழே போனால் அது எரியும். ஏப்ரலில் அந்த வீடு முப்பத்துநாலுக்குக் கீழே போனதில்லை. ஹீட்டர் பல்லைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றது. எதிர்வீட்டு ஹீட்டர் வேறு ரகம். கரண்டு வந்தால் எரியும், போனால் அணையும். சூடு, குளிர் எதுவும் அதற்குத் தெரியாது. கனகாம்பாள் அதன் முன்னால் பாயை விரித்து வடாம் காயவைத்தாள். “நல்ல கமிட்டி பாய். மழை வந்தாலும் கவலையில்லை” என்றாள்.

ஆனால் தனி லைன் சும்மா நிற்கவில்லை.

அந்தச் சந்தில் மின்சாரம் நாலு மணி நேரம் இருக்கும், நாலு மணி நேரம் இருக்காது. வரும்போது சந்து முழுக்க, ஆண் பெண் குஞ்சு குளுவான் எல்லாம், ‘மீ லாபீ!’ என்று கத்தும். மீ என்றால் நெருப்பு, விளக்கு, மின்சாரம் மூன்றும்தான். வந்துவிட்டது என்று கத்துகிறார்கள். இப்போது இனாயத்துல்லாவின் வீட்டுக்கு மீ போவதும் இல்லை, வருவதும் இல்லை. முதல் சாயங்காலம் நாலு பேர் போன் சார்ஜ் போட வந்தார்கள். இரண்டாவது நாள் இரண்டு பேர். மூன்றாவது நாளிலிருந்து யாரும் வரவில்லை. குழாயடியில் ரிஹானா போனதும் பேச்சு நின்றது. இந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஆபீஸ் விளக்குக் கொடுக்கிறதென்றால், அந்த வீடு ஆபீசுக்கு என்ன கொடுக்கிறது? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். சந்தே ஒரு வீட்டைப் பார்த்தது, அதுவும் மச்சில் ஆள் இருக்கிற வீட்டை.

கடைசியில் ரிஹானா ஒரு வழி கண்டுபிடித்தாள். சந்து இருண்டதும் தன் வீட்டு விளக்கையும் விசிறியையும் அணைத்துவிடுவாள். வேர்த்து ஊற்றும். சுவிட்ச்சுக்குப் பின்னால் கரண்டு நிற்கும். மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். சந்துக்கு மீ வந்ததும் விளக்கைப் போட்டு, வாசலில் நின்று ஊரோடு சேர்ந்து கத்துவாள்: “மீ லாபீ!”

“மாமி நல்லா நடிக்கிறீங்க” என்றான் மாஹிர் மேலேயிருந்து.

“வாயை மூடுடா. ஒன் பேச்சுக்கும் வாட்டு ஏறப்போகுது.”

வேடிக்கைக்குத்தான் சொன்னாள்.

மூன்று வாரத்தில் கமிட்டி முதல் முடிவை அறிவித்தது. ஓயாத வீட்டில் ஹீட்டருக்கான செலவு: இல்லை. வேளைப்படி வீட்டில்: முந்நூற்று முப்பத்தாறு யூனிட். ஊ ஞான் தூன் ஒரு மண்டபத்தில் பேசினார். “ஓயாத சூடே சிக்கனம் என்று நிரூபித்துவிட்டோம். ஒரு யூனிட்கூடச் செலவழிக்காமல் ஒரு வீட்டை இரவும் பகலும் முப்பத்துநாலு டிகிரியில் வைத்திருக்கிறோம். இந்தச் சாதனையைக் குளிர்தேசங்களால் கனவிலும் செய்யமுடியாது.”

அது உண்மை.

கோளாறு மேலிடத்திலிருந்து வந்தது. மேலிடம் ஒரே வரியில் கடிதம் போட்டது: ‘செலவில்லாமல் சூடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும்.’ வெயிலிலிருந்து என்று பதில் எழுத எந்த அதிகாரிக்கும் தைரியம் இல்லை. வெயில் எந்த இலாகாவின் கீழ் வருகிறது என்று தெரியவில்லை. ஊ ஞான் தூன் குளிர்தேசத்துப் புத்தகத்தைத் திறந்து கணக்குப் போட்டார். கூரை வழியாக வருவது இவ்வளவு, அடுப்பிலிருந்து வருவது இவ்வளவு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆண் ஒருவன் நூறு வாட் சூடு விடுகிறான், பெண் ஒருத்தி எண்பது என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. குடும்பப் பட்டியல்படி வீட்டில் இருவர்: நூற்றெண்பது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் நூறு வாட் மிச்சம் நின்றது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு இனாயத்துல்லாவை வார்டு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட மேசைக்குப் பின்னால் தலைவர். பக்கத்தில் குமாஸ்தா, அவன் முன்னால் இரண்டு பேரேடுகள்: குடும்பப் பட்டியல், விருந்தாளிப் பட்டியல். ஜன்னலோரம், வெப்பமானிப் பெட்டி வரைந்த வரைபடச் சுருளைப் பிடித்துக்கொண்டு மூர்த்தி.

“ஊ லா, உங்கள் வீட்டில் நூறு வாட் அதிகமாக இருக்கிறது” என்றார் ஊ ஞான் தூன். குரலில் கோபம் இல்லை. ஒருவர் வீட்டில் தன் குடையை மறந்துவைத்துவிட்ட ஆள் பேசுகிற குரல்.

“பூனை ஒண்ணு வந்துபோகும் சயா.”

“பூனைக்கு எட்டு வாட். மிச்சம் தொண்ணூற்றிரண்டு.”

“பெண்சாதிக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல்.”

“காய்ச்சலுக்குப் பன்னிரண்டு. டாக்டர் சீட்டு வேண்டும்.”

“அவ கொஞ்சம் கோபக்காரி.”

“கோபத்துக்கு வேறு கமிட்டி.”

இனாயத்துல்லாவின் முதுகில் வேர்வை இறங்கியது. “மொளகாச் சாக்கு ரெண்டு இருக்கு சயா. சூடான சரக்கு.”

தலைவர் அதை ஒதுக்கவில்லை. ஆளனுப்பினால் மச்சில் ஏறுவார்கள். மூர்த்தி முந்திக்கொண்டு, “நான் போயி எடுத்தாறேன் சயா” என்று புறப்பட்டான். அரைமணி நேரத்தில் ஒரு சாக்கு மேசைமேல் ஏறியது. அதற்குள் வெப்பமானியைச் செருகி, எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். குமாஸ்தா தும்மியதில் விருந்தாளிப் பட்டியலின் ஒரு பக்கம் நனைந்தது. ஊசி அசையவில்லை.

“மிளகாய் நாக்குக்குத்தான் சூடு. கருவிக்கு இல்லை” என்று தலைவர் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டான்.

அப்போதுதான் இனாயத்துல்லா அந்தத் தப்பைச் செய்தார். எல்லாம் அந்தப் படிவத்தால் வந்தது, அதைத் திருத்திவிட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஓர் ஆபீசில் திருத்தச் சொன்னார்.

“சயா, படிவத்துல நான் தப்பாப் போட்டுட்டேன். அப்பூன்னா ஹீட்டருன்னு எனக்கு வெளங்கல. மனசுக் கவலையக் கேக்குறீங்கன்னு நெனச்சு, ஓயாமன்னு கோடு போட்டுட்டேன். எங்க வீட்ல ஹீட்டரு ஏதுங்க? என் பேரை எடுத்துருங்க.”

குமாஸ்தாவின் பேனா நின்றது. மூர்த்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

ஊ ஞான் தூன் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். “அப்படியானால் உங்கள் வீட்டில் ஓயாத கவலை ஒன்று இருக்கிறது என்று ஆபீசுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள்.”

தலைவர் படிவத்தின் ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார்.

“அது என்ன கவலை?”

சுவரில் பல்லி ஓடியது. அதற்கு ஒரு வாட்கூட இருக்காது. இனாயத்துல்லா தனக்குள் தேடினார். நாலு பேர் முன்னால் இதுவரை சொல்லாதது ஒன்று இருந்தது. இருபத்தாறு வருஷமாக ரிஹானாவிடம்கூடப் பேசாதது. அதை எடுத்து மேசைமேல், மிளகாய்ச் சாக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எங்களுக்குப் பிள்ளை இல்லை சயா.”

ஊ ஞான் தூனின் முகம் மலர்ந்தது. அவர் கொடுமைக்காரர் அல்ல. கணக்கு நேராவதில் சந்தோஷப்படுகிறவர், அவ்வளவுதான்.

“பாருங்கள், ஒரு பக்கம் உங்கள் வீட்டில் ஓர் ஆள் குறைகிறது. இன்னொரு பக்கம் ஓர் ஆள் சூடு கூடுதலாக இருக்கிறது. இரண்டும் ஒரே கோப்பில் இருந்தும் நாம் பார்க்காமல் இருந்துவிட்டோம்! இந்த நூறு வாட் விருந்தாளியாக இருக்கமுடியாது. விருந்தாளி வேளைப்படி. வருவான், போவான். இது ஓயாதது. ஆகவே குடும்ப உறுப்பினர். எழுது: மூன்றாம் நபர்.”

“பெயர், சயா?” என்றான் குமாஸ்தா.

“பிறகு எழுதிக்கொள்ளலாம். பெண் என்றால் எண்பது வாட்தான். ஆகவே ஆண். குழந்தைக்கும் கிழவனுக்கும் நூறு வராது. ஆகவே பதினெட்டுக்கு மேல், முப்பத்தைந்துக்குக் கீழ்.” அவர் எழுந்து இனாயத்துல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாழ்த்துகள், ஊ லா. உங்கள் அப்பூ தீர்ந்தது.”

பதினெட்டுக்கு மேல், முப்பத்தைந்துக்குக் கீழ், ஆண். குமாஸ்தா அதை இன்னொரு தாளிலும் எழுதினான். அந்தத் தாள் எங்கே போகும் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. வார்டில் அடுத்த குலுக்கலுக்குப் பத்து நாள் இருந்தது.

மூர்த்தி அவரை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். இரண்டு லபெயே சொன்னான். குரலைத் தணித்தான்.

“பாய், அவன் இனி அங்க இருக்கக்கூடாது. பேரு போட்டுட்டானுங்க, தேடி வருவானுங்க.”

“இன்னிக்கே அனுப்பிர்றேன்.”

“அனுப்புனா நூறு வாட்டு கொறையும். பெட்டி காட்டிக் குடுத்துரும். ஆள் இருந்தான், ஓட்டிவிட்டீங்கன்னு ஆகிரும். அப்பறம் ஒங்க ரெண்டு பேரையும் வெச்சுத் தேடுவானுங்க.”

“இருந்தாலும் தப்பு, போனாலும் தப்புன்னா அவன் என்னதான்டா செய்வான்? ஆவியாப் போவானா?”

மூர்த்தி பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துவைத்தான். கோழிக்குஞ்சுக் கூண்டில் போடுகிற பழைய குண்டு பல்பு. “நூறு. அவன் படுக்கிற எடத்துலயே, ஹீட்டரு லைன்ல தொங்கவிடுங்க. அணைக்கவே கூடாது.”

மறுநாள் காலை குடோன் லாரியில் உளுந்து மூட்டைகளுக்கு நடுவில் மாஹிர் போனான். எங்கே என்று இந்தக் கதைக்கும் தெரியவேண்டியதில்லை. ஏணியில் இறங்கும்போது, “மாமா, எனக்குப் பதிலா பல்பா?” என்று சிரித்தான். ரிஹானா அவன் கையில் சோற்றுப் பொட்டலத்தைத் திணித்தாள். “அது ஒன்னைவிட மேல். சோறு கேக்காது, தும்மாது.” அவன் போனபிறகு மச்சைக் கூட்டினாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் கோடு அசையவில்லை. அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

பத்தாம் நாள் குலுக்கலில் ஒரு சீட்டு விழுந்தது. அதில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், ‘ஊ லா வீடு, மூன்றாம் நபர், நூறு வாட்’ என்று இருந்தது.

அதே வாரம் கமிட்டி இரண்டாவது முடிவை அறிவித்தது. ஓயாத வீட்டில் இம்முறை ஹீட்டர் லைனில் இருபத்துநாலு யூனிட் ஓடியிருந்தது. வேளைப்படி வீட்டில் ஒன்றுமே ஓடவில்லை, ஏனென்றால் கனகாம்பாளின் மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஹீட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் விற்றிருந்தான். இது கமிட்டிக்குத் தெரியாது. ஊ ஞான் தூன் அதே மண்டபத்தில் அதே உரையை ஒரே ஒரு சொல்லை மாற்றி வாசித்தார். “வேளைப்படிச் சூடே சிக்கனம் என்று நிரூபித்துவிட்டோம்.” கைதட்டல் சென்றமுறை எவ்வளவோ அவ்வளவு. ஓயாத வீட்டின் தனி லைனை அன்றே வெட்டி, வீட்டைப் பழையபடி சந்து லைனில் மாட்டினார்கள்.

மீ போயிற்று. மச்சில் பல்பு அணைந்தது.

சந்துக்காரர்கள் அன்று சாயங்காலம் ரிஹானாவுக்குக் குழாயடியில் இடம் விட்டார்கள். “எங்களாட்டம் ஆயிட்டியே புள்ளே” என்று கனகாம்பாள் சிரித்தாள். ரிஹானா குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். அவள் உத்தரத்துப் பெட்டியின் சிவப்பு விளக்கை நினைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் பேட்டரி இருந்தது. அதற்கு மீ போவதில்லை.

மூன்று நாள் வரைபடத்தை வைத்துக்கொண்டு கமிட்டி பார்த்தது. மூன்றாம் நபர் காலை ஒன்பதுக்கு வீட்டுக்கு வருகிறார், ஒரு மணிக்குப் போகிறார். மாலை ஐந்துக்கு வருகிறார், ஒன்பதுக்குப் போகிறார். நடுராத்திரி தாண்டி ஒன்றுக்கு வருகிறார், விடிகாலை ஐந்துக்குப் போகிறார். நிமிஷம் தவறுவதில்லை. “ஒழுக்கமான இளைஞர்” என்றார் ஊ ஞான் தூன். “பட்டாளத்துக்கு ஏற்றவர்.”

வியாழன் விடிகாலை மூர்த்தி சைக்கிளில் சந்தைக் கடந்தான். நிற்கவில்லை. “ஒம்பதுக்கு” என்று மட்டும் சொன்னான்.

“பல்பைக் கழட்டிருவமா?” என்றாள் ரிஹானா.

“கழட்டுனா ஓடிட்டான்னு தேடுவானுங்க. தன்லியினுக்குப் போவானுங்க. தஸ்லீமா வீட்டுக்கு. அங்கேருந்து லாரிக்காரன்.” இனாயத்துல்லா சட்டையை மாட்டிக்கொண்டார். குடோனுக்குப் போகிற சட்டை இல்லை, பெருநாள் சட்டை. “இருக்கட்டும். எரியட்டும்.”

“எங்க கெளம்புறீங்க?”

“எங்கயும் இல்லை. உக்காந்திருக்கேன்.”

ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வாசலில் வண்டி நின்றது. தலைவர், குமாஸ்தா, பட்டாளத்துக்காரர்கள் இருவர். யாரும் கதவைத் தட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சந்து அமைதியாக இருந்தது.

“மீ லாபீ!” என்று எங்கோ ஒரு குரல் கிளம்பியது. பிறகு சந்து முழுக்க. அந்தச் சத்தம் ஓய்வதற்குள் அவர்கள் உள்ளே வந்தார்கள். பட்டாளத்துக்காரன் ஒருவன் ஏணியில் ஏறினான். இறங்கினான்.

“மேலே யாரும் இல்லை. பல்பு எரிகிறது.”

ஊ ஞான் தூன் உத்தரத்துப் பெட்டியைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். “இருக்கிறான். இதோ நூறு காட்டுகிறது.”

“பல்பை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?” என்றான் அவன். “எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும். ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று.”

தாளில் இருந்தது வீட்டில் இல்லை, வீட்டில் இருந்தது தாளில் சரியாக இல்லை. ஊ ஞான் தூன் ஒன்பது வருஷ அனுபவசாலி. அவர் மெதுவாகத் திரும்பி, பெருநாள் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

“ஊ லா, உங்களுக்கு எத்தனை வாட்?”

இனாயத்துல்லா தராசுக்காரர். எதிரே இருப்பவருக்கு எந்த எடை தேவை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

“நூறு, சயா” என்றார்.

“வயது?” என்றான் குமாஸ்தா.

“திருத்திக்கொள்ளலாம்” என்றார் தலைவர்.

ரிஹானா வாசல்வரை வந்தாள். எதிர்வீட்டில் கனகாம்பாள் கதவை மெல்லச் சாத்துவது கேட்டது. இனாயத்துல்லா செருப்பை மாட்டிக்கொண்டு, “மொளகாச் சாக்கு ஒண்ணு ஆபீசுல கெடக்கு. போயிக் கேக்காதே” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அன்று பகல் ஒரு மணிக்கு மீ போயிற்று. மச்சில் பல்பு அணைந்தது. வரைபடத்தில் அந்த வீட்டின் கோடு ஒரே ஓர் ஆள் இருக்கும் மட்டத்துக்கு இறங்கி, ஐந்து மணிவரை அங்கேயே நின்றது. முன்பிருந்ததைவிட இருநூறு வாட் குறைவு.

கமிட்டி அதைச் சேமிப்பு என்று எழுதிக்கொண்டது.